காமாலை வீட்டுப் பச்சிலை

எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் மீனாட்சிபுரத்தில் யாரும் என் கணவரின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "காமாலை ஊடுங்களா? வாய்க்கால் பாலம் தாண்டி ரெண்டாவது தோப்புங்க" என்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது அவமானமாக இருந்தது. நோயின் பெயரில் அழைக்கப்படும் வீட்டில் வாழ்க்கைப்பட்டுவிட்டேனே என்று அழுதிருக்கிறேன். அது ஒரு பட்டம் என்று பிறகுதான் தெரிந்தது. மாரியம்மன் நோம்பியில் முதல் தேங்காய் எங்களுக்கு. பால் சொசைட்டியில் வரிசையில் நின்றால் "அக்கா, முன்னால வாங்க" என்பார்கள். பொள்ளாச்சி பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் தருவார்கள். இத்தனையும் ஒரு பச்சிலைக்காக.

ஞாயிறும் புதனும் விடிவதற்கு முன்பே வாசலில் ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கண் மஞ்சள், நகம் மஞ்சள், போட்டிருக்கும் சட்டையின் கழுத்துப் பட்டை மஞ்சள். எங்கள் ஊர் கேரள எல்லையில் இருப்பதால் பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் வருவார்கள், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கமிருந்தும் வருவார்கள். தமிழிலும் மலையாளத்திலும் வாந்தி எடுப்பார்கள். நான் எழுந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், கிணற்றடிக்குப் பின்னால் இருக்கும் பாத்தியில் இரண்டு பிடி இலை பறித்து, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, அப்போது கறந்த பாலில் கலக்கிக் கொடுப்பேன். மூன்று தடவை வந்து குடிக்க வேண்டும். சாப்பாட்டில் உப்பு, எண்ணெய் கூடாது. காசு நாங்கள் தொடமாட்டோம்.

விதிகள் இன்னும் உண்டு. செடியின் பெயரைக் கொடுப்பவர் வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் மருந்து செத்துப்போகும். வெளிச்சம் வருவதற்குள் அரைத்து முடித்துவிட வேண்டும். குடிப்பவர் நன்றி சொல்லக் கூடாது. "போய்ட்டு வர்றேனுங்க" என்று சொல்லவே கூடாது, சொன்னால் காமாலையும் கூடவே திரும்பி வரும். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் வாய்க்கால் பாலம் வரை நடக்க வேண்டும். குணமானபின் வந்து சொல்லவும் கூடாது.

ஆகவே எங்கள் வீட்டு மருந்து தோற்றதே இல்லை. திரும்பி வராதவர்கள் எல்லாரும் குணமானவர்கள். திரும்பி வந்தவர்கள் பத்தியம் முறித்தவர்கள். "இந்த மாதிரி எந்த ஆஸ்பத்திரிக்காரனாச்சும் நெஞ்சத் தொட்டுச் சொல்ல முடியுமா?" என்று என் கணவர் கேட்பார். முடியாதுதான்.

வேலை என்னுடையது, பெயர் அவருடையது. என் மாமியார், கல்யாணமான மறு மாதமே செடியின் பெயரை என் காதில் சொல்லி, இருட்டில் பாத்தியையும் அம்மியையும் காட்டிவிட்டு, அன்றிலிருந்து காலையில் நன்றாகத் தூங்க ஆரம்பித்தார். நான் குனிந்து அரைக்கும்போது என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, வந்தவர்களின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு "மூணே நாள்" என்பார். எல்லாருக்கும் அதேதான். வந்தவர்கள் அந்த 'மூணே நாளை'க் கேட்பதற்குக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

அந்தப் பெயரை இப்போது எழுதுவதில் குற்றமில்லை. மஞ்சள் கரிசலாங்கண்ணி. மலையாளத்தில் மஞ்ஞக் கய்யோந்நி.

பல வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் ஆழியாற்றுத் தண்ணீர் வரவில்லை. கிணறு வற்றியது, போர்வெல் காற்றைக் கக்கியது, பாத்தியில் இருந்த செடி மொத்தமும் கருகிவிட்டது. தென்னை காய்ந்ததற்குக்கூட என் கணவர் அவ்வளவு கலங்கவில்லை. "மருந்து இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்று வாசலுக்கே வராமல் உள்ளே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள் சாக்குப்பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "மறையூர்க் காட்டுல கெடைக்கும். எடுத்துட்டு வர்றேன்" என்று பஸ் ஏறினார். மறுநாள் சாயங்காலம் ஒரு கையில் உருண்டை வெல்லமும் இன்னொரு கையில் சாக்கு நிறையக் கொடியுமாக வந்து இறங்கினார்.

சந்தனக் காடு தாண்டி, சரிவில் இறங்கி, முள்ளில் கிழிபட்டுப் பறித்த கதையை அவர் சொல்லாத வீடு ஊரில் இல்லை. முதல் தடவை சொன்னபோது வழியில் யானைச் சாணம் மட்டும் இருந்தது. ஆடி மாதம் சொன்னபோது புதருக்குப் பின்னால் காது அசைந்தது. தீபாவளிக்குள் முழு யானையும் வந்து இவரைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டது. சந்தன மரத்து வேலிப் பக்கம் நின்றாலே ஃபாரஸ்ட் கார்டு விசில் அடிப்பான், இந்த மனிதர் மூட்டையோடு எப்படி வெளியே வந்தார் என்று ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்தச் செடி வளர்ந்ததே ஒரு வளர்ச்சி! பழைய செடிக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் இரண்டே நாளில் மூஞ்சியைத் தொங்கப் போடும். இது தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடியது. மண்ணைத் தொட்ட கணுவெல்லாம் வேர் விட்டது. ஒரே வருடத்தில் கிணற்றடியை மூடி, வேலியைத் தாண்டி, சாணக்குழி வரைக்கும் போய், எங்கு பார்த்தாலும் மஞ்சள் பூவாக நின்றது. "அம்மன் கடாட்சம்" என்றார் என் மாமியார், கண்ணை மூடுவதற்கு முந்தின மாசியில். அரைக்கும்போது இலை முன்னைவிட வழவழப்பாக இருந்தது எனக்குத் தெரிந்தது. காட்டுச் சத்து என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் மாடுகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். வாயில்லாச் சீவனுக்குக்கூட மருந்தின் அருமை தெரிகிறது, தொடமாட்டேன் என்கிறது பாருங்கள் என்று அதற்கும் ஒரு பொருள் சொல்லிக்கொண்டோம்.

போன வருடம் ஆடி மாதத்தில், பஞ்சாயத்தில் எந்தெந்தச் செடி கொடி இருக்கிறது என்று கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். கல்லூரி முடித்து இரண்டு வருடம் இருக்கும். தோளில் பை, அதற்குள் செய்தித்தாள்களுக்கு நடுவே தழைகள். மலையாளத்தில்தான் பேசினாள், நான் தமிழில் பதில் சொன்னேன். எங்கள் பக்கம் அது ஒரு தடங்கலே இல்லை. வேப்பமரம், நொச்சி, ஆவாரை என்று எழுதிக்கொண்டே கிணற்றடிக்கு வந்தவள், பாத்தியைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"இது எவிடுந்நு கிட்டி, சேச்சீ?"

"எங்கூட்டுக்காரரு கொண்டாந்ததுங்க. மறையூர்க் காட்டுலருந்து."

"காட்டிலோ?" என்று சிரித்தாள். சிரித்ததைக் கையால் மறைக்கவும் செய்தாள், அதனால் பாவம் என்று விட்டேன். இது வேறு நாட்டுச் செடி, பெட்ரோல் பங்க்கிலும் ரிசார்ட்டிலும் புல்லுக்குப் பதிலாக வைப்பது, பிடித்துக்கொண்டால் மற்ற எதையும் வளரவிடாது என்று விளக்கினாள். பிறகு பேனாவை எடுத்து, "எந்தா உபயோகம்?" என்றாள்.

எங்கள் குடும்பத்தையே தாங்கி நிறுத்தியிருக்கும் கேள்வி அது. பதில் சொன்னால் மருந்து எந்தச் செடி என்று என் வாயால் சொன்னதாகிவிடும், மருந்து செத்துப்போகும். அவள் பேனாவோடு காத்திருந்தாள். நான் வேலியைப் பார்த்தேன், மாட்டைப் பார்த்தேன்.

"சும்மா... பார்க்கறதுக்குங்க" என்றேன்.

அவள் 'அலங்காரச் செடி' என்று எழுதிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. அரசாங்கக் காகிதத்தில் எங்கள் குலப் பெருமை குரோட்டன்ஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. விடுவேனா? தமிழில் சொன்னால்தானே மருந்து சாகும் என்று, உன்னிடம் நிஜமான மஞ்ஞக் கய்யோந்நி இருந்தால் காட்டு, பார்க்கலாம் என்று கேட்டேன். நான் ஏன் குறிப்பாக அந்தப் பெயரைக் கேட்கிறேன் என்று அவள் யோசிக்கவில்லை. செய்தித்தாளுக்குள்ளிருந்து காலையில் ஏதோ வரப்பில் பறித்த ஒரு கொத்தை எடுத்து, எங்கள் செடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பட்டப்பகலில் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் குனிந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

கொடி ஒன்றுபோல் இருந்தது. இலை எதிரெதிராக இருப்பதும் ஒன்றுபோல்தான். பூவும் மஞ்சள், இதழ் நுனியில் சின்னச் சின்னப் பல் இரண்டிலும் உண்டு. பூவை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாற எல்லா வசதியும் இருந்தது. ஆனால் அவளுடைய செடியில் இலை ஒல்லி. விரல் நீளத்துக்கு இருபக்கமும் கூம்பி, ஓரத்தில் வெட்டு இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது, தடவினால் சொரசொரத்தது. எங்கள் இலை தடிமன், மேலே எண்ணெய் பூசினதுபோல் பளபளப்பு. காம்புப் பக்கம் குறுகி, நுனிப் பக்கம் விரிந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெட்டு விழுந்து மூன்று பிளவாக, கோழிக்கால்போல் நின்றது. அவளுடைய பூ சட்டைப் பொத்தான் அளவு, தழையோடு தழையாக இருந்தது. எங்களுடையது அதைவிட இரண்டு பங்கு பெரிசு, கொஞ்சம் ஆரஞ்சு கலந்த மஞ்சள், நீளமான காம்பில் இலைக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த எட்டிப் பார்க்கும் குணம் மட்டும் எங்கள் வீட்டுக்குப் பொருத்தமாக இருந்தது.

அந்தக் கொத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் போனபின் இரண்டு இலையையும் பழைய பஞ்சாங்கத்துக்குள் வைத்து மூடினேன். கோபம் கோபமாக வந்தது. முதலில் அந்தப் பெண்மேல், பிறகு செத்துப்போன மாமியார்மேல், கடைசியில் என்மேல். இத்தனை வருடம் அரைத்தவள், அரைப்பது என்ன என்று ஒருநாள் வெளிச்சத்தில் குனிந்து பார்த்ததில்லை.

சாயங்காலம் என் கணவரிடம் பஞ்சாங்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார்.

"காட்டுச் செடி ஊட்டுக்கு வந்தா எலை அகலமாகும் புள்ள. சோறு தண்ணி நல்லாக் கெடைக்குதல்ல? நீயே இங்க வந்தப்ப ஒல்லியாத்தான் இருந்தே."

பஞ்சாங்கத்தை மூடிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து வழக்கம்போல் அரைத்தேன். அதற்கடுத்த புதனும் அரைத்தேன். தெரிந்தபின்னும் நான்கு மாதம் அரைத்தேன். இதை நியாயப்படுத்த என்னிடம் ஒன்றும் இல்லை. வாசலில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அம்மிக்கு முன்னால் உட்காராமல் இருக்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த நான்கு மாதத்தில் வந்தவர்களில் ஒருத்தியை மட்டும் நானே அழைத்தேன். பல வருடமாக எங்கள் மாடுகளுக்குப் புல்லறுத்துப் போட வருகிறவள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடிசை, துணைக்கு யாரும் இல்லை. ஒருநாள் புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தபோது கண் மஞ்சளாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை வந்து மருந்து குடி" என்றேன். சரியென்று தலையாட்டினாள். மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் வாயில் ஊற்றிக்கொண்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்து, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் பாலத்துக்கு நடந்தாள். எல்லா விதியையும் அவ்வளவு சுத்தமாக யாரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. "கொணமாயிட்டா. கொணமானா வந்து சொல்லக் கூடாதல்ல" என்றார் என் கணவர். புல்லுக்கு வேறு ஆள் வைத்தோம்.

பிறகு ஒரு புதன்கிழமை. நான் பாலைக் கலக்கிக்கொண்டு நிமிர்ந்தேன். விடிய ஆரம்பித்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஒருவருடைய இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவரின் கண், அந்த நோயாளியின் கண்ணைவிட மஞ்சளாக இருந்தது.

"மூணே நாள்" என்றார் அவனிடம்.

ஏதோ ஒரு கல்யாண வீட்டில் குடித்த ஜூஸாக இருக்க வேண்டும். ஒரு வாரமாகவே சாப்பாடு பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தவர்தான். சிறுநீர் மஞ்சளாகப் போவதற்கு வெயில்தான் காரணம் என்று கார்த்திகை மாதத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"காமாலை ஊட்டுக்காரன் காமாலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரு சிரிக்காதா?"

"சிரிச்சுட்டுப் போவட்டுமுங்க."

"இத்தனை பேருக்குக் கேட்ட மருந்து எனக்குக் கேக்காதா? நீ அரை."

"அது அந்தச் செடியே இல்லைன்னு காட்டினேனுங்களே."

"உங்களுக்கு அரைக்க முடியாதுன்னா நானே அரைச்சுக்கறேன்" என்று எனக்கு மரியாதைப் பன்மை கொடுத்தார். கோபம் உச்சத்தில் இருந்தால்தான் அப்படிப் பேசுவார்.

அவரே அரைத்தார். ஞாயிறு, புதன் வரை காத்திருக்கவும் இல்லை. தினமும் குடித்தார், குடித்ததை வாந்தி எடுத்தார். இரண்டாம் நாள் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் நாள் பூராவும் தூங்கினார். எழுப்பினால் என்ன கிழமை என்று கேட்பார், சொன்னால் திரும்பவும் கேட்பார். நான் பயந்துபோனேன். அந்த மனிதரைத் திட்டாமல் எனக்கு ஒருநாளும் விடிந்ததில்லை, ஒருநாளும் பொழுது அடைந்ததில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாத வீட்டை அன்றுதான் முதல் தடவை நினைத்துப் பார்த்தேன்.

ஞாயிறு விடிந்தது. வாசலில் ஏழெட்டுப் பேர். உள்ளே இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மியை நோக்கி வருகிறார். வந்து குனிவதற்குள் நான் குழவியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டிக்குள் போட்டேன். தண்ணீர் வாசல்வரை தெறித்தது. மாடு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றேன். மருந்து கொடுக்கும் நேரத்தில் அந்த வாசலில் என் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. "எங்கூட்டுப் பச்சிலை பேரு மஞ்சள் கரிசலாங்கண்ணி. இங்க இருக்கறது அது இல்லை. எலை மூணு பிளவா இருக்குது பாருங்க, இது வேற நாட்டுச் செடி. எங்கூட்டுக்காரருக்கே காமாலை. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் போங்க."

இடி விழும் என்று எதிர்பார்த்தேன். கடைசியில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப இன்னைக்கு மருந்து இல்லீங்களா?" என்று கேட்டார்.

பக்கத்துத் தோப்புக்காரர் கார் எடுத்தார். பின்சீட்டில் என் கணவர் தலைவழியே துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். எதிர்த்துப் பேசத் தெம்பில்லை, ஆனாலும் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். சித்தூர் வேண்டாம், தெரிந்தவர்கள் இருப்பார்கள், பொள்ளாச்சிக்குப் போ. அதுவும் மீனாட்சிபுரம் கடைவீதி வழியாக வேண்டாம், கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாகச் சுற்றிப் போ. ஈரல் கெட்டுப்போன நேரத்திலும் ரூட் சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார்.

"பச்சிலை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க" என்றார் என் கணவர்.

இருபது வருடமாக ஊருக்கெல்லாம் 'மூணே நாள்' சொன்ன வாய். நான் பஞ்சாங்கத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் திறந்து வைத்தேன். "இதத்தானுங்க நாலு நாளாக் குடிக்கறாரு. இந்த ஒல்லி எலைதான் நிஜ மருந்து. இவரு குடிச்சது இந்த மூணு பிளவு எலை. கொடுக்கறவங்களே நாங்கதானுங்க."

டாக்டரம்மா இரண்டு இலையையும் பார்த்துவிட்டு, பஞ்சாங்கத்தை என் பக்கம் தள்ளினார். "எனக்குச் செடி தெரியாதும்மா. எதுவா இருந்தாலும் இனி வேண்டாம். ஈரல் ஏற்கெனவே திணறிட்டு இருக்கு." அட்மிஷன் சீட்டு எழுதும்போது அவர் கோபப்படவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "எல்லாரும் இல்லைன்னுதான் சொல்வாங்க. நீங்களாவது சொன்னீங்க" என்றார்.

வார்டில் கட்டில் கிடைத்தது. இவரைப் படுக்கவைத்து, குளுக்கோஸ் ஏற்றிவிட்டு நர்ஸ் போனதும், அடுத்த கட்டிலிலிருந்து ஒரு குரல்.

"பண்ணாடி, நீங்களாங்க?"

தோப்புக்காரரைப் 'பண்ணாடி' என்றே அழைத்துப் பழகிய, ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர். போன வாரம் எங்கள் வாசலில் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவர். என் கணவர் துண்டை இழுத்து முகத்தை மூடினார். எதிர்க் கட்டிலில் இருந்தவரும் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். அவருடைய அண்ணன் ஆடியில் எங்கள் வீட்டுக்கு வந்து மருந்து குடித்தவராம். ஆடியில் அண்ணன் படுத்திருந்ததும் இதே கட்டில்தானாம், நல்ல ராசியான கட்டிலாம்.

கண்டக்டருக்கு ஒளிக்கத் தெரியவில்லை. "வெடியக்காலம் உங்கூட்டுல பாலக் குடிச்சுப்போட்டு, ஏழு மணி பஸ்ஸுக்கு நேரா இங்கதானுங்க வர்றது. எல்லாருமே அப்படித்தானுங்க."

"அப்பறம் எதுக்குங்க எங்கூட்டுக்கு வர்றீங்க?" என்றேன்.

"ரெண்டும் இருக்கட்டுமேன்னுதானுங்க. அதுவுமில்லாம, ஊர்ல கேப்பாங்கல்லோ, காமாலை ஊட்டுக்குப் போனியான்னு? போகலீன்னா உங்குளுக்கும் மனசு சங்கடப்படும்."

எங்கள் மனசு சங்கடப்படக் கூடாது என்பதற்காக இரண்டு மாநிலத்து ஜனங்களும் விடியற்காலையில் எழுந்து வந்து அந்தக் கசப்பைக் குடித்திருக்கிறார்கள். அப்போது துண்டுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு வாக்குமூலம் வந்தது.

"புள்ள... மறையூர்ல நான் வெல்லம் மட்டுந்தான் வாங்கினேன்."

"அப்பறம் செடி?"

"காட்டுப் பக்கம் போனா கார்டு தொரத்திட்டான். வெறுங்கையோட வர்றப்ப, பொள்ளாச்சி தாண்டி ஒரு கல்யாண மண்டபம். முன்னால பூரா மஞ்சப் பூவு. அப்படியே நம்ம செடியாட்டமே இருந்துச்சு. யாருமில்லாத நேரமாப் பார்த்து, அந்த யானைக்குக் கீழ இருந்து..."

"யானையா?"

"சிமெண்டு யானை. வாசல்ல வெச்சிருக்கான்."

யானை நிஜம்தான்! எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை. கண்டக்டர் சிரித்தார், எதிர்க் கட்டில் சிரித்தது, குளுக்கோஸ் பாட்டில் ஆட ஆட இவரும் சிரித்தார். நர்ஸ் வந்து அதட்டினாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏனென்றால் எனக்கு அந்தப் புல்லறுக்கிறவளின் ஞாபகம் வந்துவிட்டது. கார் வைத்திருக்கிறவர்களும் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கத் தெரிந்தவர்களும் இங்கே வந்துவிட்டார்கள். அவளை யார் கூட்டிவந்திருப்பார்கள்? எல்லாரும் மரியாதைக்குக் குடித்த மருந்தை அவள் ஒருத்தி நம்பிக் குடித்திருப்பாள். ஒரு விதியும் தப்பாமல் குடித்தாள், பிறகு திரும்பி வரவில்லை. செடி எது என்று தெரிந்தே நான் அவளுக்கு அரைத்துக் கொடுத்தேன்.

பத்து நாளில் இவர் கண் வெளுத்து வீடு திரும்பினார். அந்தப் பத்து நாளும் நான் தூங்கவில்லை. வந்த மறுநாளே பாலம் தாண்டிப் போய் அவள் குடிசையைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. பக்கத்தில் கேட்பதற்கு வாய் வரவில்லை. திரும்பி வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். வேறொருவர் வரப்பில் யாரோ குனிந்து புல்லறுத்துக்கொண்டிருந்தார்கள். முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்கக்கா, இங்க வந்து உக்காந்துட்டீங்க?" என்று எழுந்து வந்தாள். கண் பால்போல் இருந்தது.

"நீ நல்லா இருக்கறயா?"

"இருக்கறேனுங்க."

"அப்பறம் ஏன் வேலைக்கு வரலை?"

"கொணமானா வரக் கூடாதுன்னு சொன்னீங்கல்லோ."

"மருந்து கேட்டுச்சா?"

அரிவாளைக் கீழே வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க. நான் குடிக்கலீங்க. வாயில வெச்சுட்டே பாலம் வரைக்கும் நடந்து, வாய்க்கால்ல துப்பிப் போட்டேனுங்க. மூணு நாளும். பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு வெச்சிருந்தது நல்லதாப் போச்சுங்க. பொறவு பஸ்ஸேறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"ஏன் துப்பினே?"

"அது அந்தச் செடி இல்லீங்களே." என் பக்கத்தில் குந்திக் கையை நீட்டி, நான் உட்கார்ந்திருந்த வரப்பின் ஈரத்தில் எதையோ கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். ஒல்லி இலை, சொரசொரப்பு, பொத்தான் அளவு மஞ்சள் பூ. "இதுதானுங்க அது. உங்கூட்டுல இருக்கறது எலை மூணு பிளவு. மாடு தொடாது. நான் தெனமும் புல்லோட புல்லாப் பாக்கறவதானுங்களே, எனக்குத் தெரியாதுங்களா?"

நம்பி ஏமாந்தவள் என்று பத்து நாள் யாருக்காக அழுதேனோ, ஊரில் அந்த இலையைப் பகலில் பார்த்திருந்தது அவள் ஒருத்திதான். அந்த மருந்தை முழுசாக நம்பியது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"எப்ப இருந்து தெரியும்?"

"அவிய கொண்டாந்து நட்ட அன்னைக்கே தெரியுமுங்க. நான்தானுங்களே குழி பறிச்சேன்."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலாமல்ல? இத்தனை வருசமா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, யோசித்துப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்கமாட்டேன். புல்லறுக்கிறவளுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்று என் கணவர் சொல்லியிருப்பார். அதை ஆமோதித்துக்கொண்டு நான் அம்மியைக் கழுவப் போயிருப்பேன். உள்ளங்கையில் இருந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்திய பூராம் புடுங்கப் போறேன். வந்து கூட நிப்பயா?" என்றேன். "எப்படிப் புடுங்கறதுன்னு நீ சொல்லு, நான் கேக்கறேன்."

"கணுவெல்லாம் வேர் இருக்குமுங்க. ஒரு துண்டு விட்டாலும் மறுக்கா வரும். காய வெச்சு எரிச்சுப் போடுங்க, வாய்க்கால்ல மட்டும் போட்டறாதீங்க." அரிவாளை இடுப்பில் செருகி, புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. பாலத்துப் பக்கம் நடந்தவள், பாதி தூரத்தில் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"போய்ட்டு வர்றேனுங்க" என்றாள்.